காத்திருந்து உயர்வதா, விண்ணப்பித்துப் போவதா? இணைப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு வழிகள்

போன மாதம் ஒரு மாலை, கல்லூரி விட்டபிறகு பொருளியல் துறைத் தம்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். எங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவை, அதாவது எல்லோரும் ஐக்யூஏசி என்று சொல்வதை, சில ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். பதவி உயர்வுக் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். தம்பிக்கு வயது நாற்பத்திரண்டு. பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் வேலைக்கே வந்தார். பத்தாண்டு பணி முடிந்து, பன்னிரண்டாம் ஊதியநிலைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. பழைய ஆட்கள் இன்னமும் செலக்‌ஷன் கிரேடு என்றுதான் சொல்வார்கள். கையில் இரண்டு தாள். ஒன்றில் அடுத்த பதவி உயர்வுக்கு அவருடைய டியூ தேதி, அதாவது தகுதி பெறும் நாள், இன்னும் இரண்டு ஆண்டு கழித்து. மற்றொன்று ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப் பேராசிரியர் பணி விளம்பரம்.

“மேடம், இங்கேயே இருந்து வாங்குவதா, இல்லை இதற்குப் போட்டுவிடவா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர் இல்லை. ஆனால் பெரும்பாலோர் கேட்கும்போது ஊர் மாற்றம், சம்பளம், மரியாதை மூன்றையும்தான் எடை போடுவார்கள். இரண்டு வழிகளும் ஓர் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது ஒன்றையே அல்ல என்பதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. அதைப் பார்த்தால்தான் மற்றவை புரியும்.

முதலில் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். முன்பு விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், தேர்வுநிலை விரிவுரையாளர் அல்லது ரீடர், அப்புறம் பேராசிரியர் என்று இருந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு முதல் மூன்று படியும் உதவிப் பேராசிரியர் என்ற ஒரே பெயருக்குள் போய்விட்டன; மூன்றாவது படியில் மூன்றாண்டு முடித்தவர் இணைப் பேராசிரியர் ஆனார். இப்போது நடப்பது பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி. பத்தாம் நிலையில் தொடக்க ஊதியம் 57,700. பதினொன்றில் 68,900, பன்னிரண்டில் 79,800. இந்த மூன்றிலும் நீங்கள் உதவிப் பேராசிரியர்தான். அதற்கு அடுத்தது 13ஏ, இணைப் பேராசிரியர், 1,31,400. பதினான்கு பேராசிரியர், 1,44,200.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டு ஏற்றமும் பத்துப் பன்னிரண்டாயிரம். பன்னிரண்டிலிருந்து 13ஏ போவதுதான் மலை. ஒவ்வொரு படியும் தாமதமில்லாமல் ஏறி வந்தவர் பன்னிரண்டாம் நிலையில் மூன்றாண்டு முடிக்கும்போது ஏறத்தாழ 92,500 அடிப்படை ஊதியத்தில் இருப்பார். அங்கிருந்து ஒரே தாவலில் 1,31,400. அகவிலைப்படியெல்லாம் அதற்கு மேல். அதனால்தான் இந்த ஒரு படிக்கு இத்தனை தூக்கம் கெடுகிறது.

சிஏஎஸ் என்று நாம் சொல்லும் பணி மேம்பாட்டுத் திட்டம் இருக்கும் இடத்திலேயே கிடைப்பது. பிஎச்.டி.யோடு சேர்ந்தவருக்கு நான்கு, ஐந்து, மூன்று என்று பன்னிரண்டு ஆண்டில் 13ஏ. எம்.ஃபில். மட்டும் வைத்துச் சேர்ந்தவருக்கு முதல் படி ஐந்து ஆண்டு, இரண்டும் இல்லாதவருக்கு ஆறு. ஆனால் 13ஏ வாசலில் பிஎச்.டி. இல்லாமல் யாரும் நுழைய முடியாது. காலியிடம் வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். பதவி உங்களோடு வருகிறது. நீங்கள் ஓய்வு பெற்றால் அந்த இடம் மறுபடி உதவிப் பேராசிரியர் இடமாகிவிடும். ஆகவே பக்கத்து நாற்காலிக்காரரோடு உங்களுக்குப் போட்டியே இல்லை. எங்கள் துறையில் ஒரே ஆண்டில் மூன்று பேர் வாங்கினார்கள்.

நேரடி நியமனம் அப்படி இல்லை. விளம்பரம் வர வேண்டும், உங்கள் பாடத்துக்கு இடம் இருக்க வேண்டும், இடஒதுக்கீட்டு இனச்சுழற்சியில் அந்த இடம் உங்களுக்குப் பொருந்த வேண்டும். அப்புறம் தேர்வுக் குழு முன்னால் உட்கார வேண்டும். துணைவேந்தர் தலைமையில் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் இருப்பார்கள். ஆனால் எட்டு ஆண்டு உதவிப் பேராசிரியர் அனுபவம் போதும். பன்னிரண்டுக்கு எட்டு என்றால் நான்கு ஆண்டு லாபம். நம் தம்பிக்கு இப்போது கிடைத்தால், இரண்டு ஆண்டு முந்துவதால் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

இந்த எட்டு ஆண்டைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு பிஎச்.டி. செய்த காலம் அனுபவத்தில் சேராது. வகுப்பும் எடுத்துக்கொண்டு, விடுப்பே எடுக்காமல் பகுதிநேரமாக ஆய்வு செய்த காலம் சேரும். விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்து நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எதிர்பார்ப்புக்கு வருவோம்.

கல்லூரி ஆசிரியருக்கு 13ஏ வரை சிஏஎஸ் கேட்பது முக்கியமாக நீங்கள் ஒழுங்காக வகுப்புக்குப் போனீர்களா என்பதைத்தான். ஒதுக்கிய வகுப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் எடுத்திருந்தால் ‘நன்று’, எழுபதுக்கு மேல் என்றால் ‘நிறைவு’, அதற்கும் கீழே போனால் நிறைவில்லை. தேர்வுப் பணி, மாணவர் மன்றம், என்எஸ்எஸ், விடுதிக் காப்பாளர் பொறுப்பு, மாணவர் ஆலோசனை, கருத்தரங்கு நடத்துவது இவையெல்லாம் அடுத்த கட்டத்தில் வரும். மூன்று வகையிலாவது கை வைத்திருந்தால் நன்று. பன்னிரண்டிலிருந்து 13ஏ போக, மூன்று ஆண்டு அறிக்கைகளில் குறைந்தது இரண்டு நிறைவாக இருக்க வேண்டும். கூடவே ஒரு ரெஃப்ரஷர் என்னும் புத்தாக்கப் பயிற்சி அல்லது அதற்கு ஈடான பயிற்சி. கட்டுரை எண்ணிக்கையோ ஆய்வு மதிப்பெண்ணோ இந்தப் படியில் கல்லூரிக்காரர்களிடம் கட்டாயமாகக் கேட்பதில்லை.

பல்கலைக்கழகத் துறையில் இருப்பவருக்கு அதே சிஏஎஸ் வேறு முகம் காட்டும். ஏழு கட்டுரை, அவற்றில் மூன்று மதிப்பீட்டுக் காலத்துக்குள் வந்தவை, 70 ஆய்வு மதிப்பெண், ஒரு முனைவர் பட்ட மாணவரையாவது வழிநடத்தியதற்குச் சான்று. ஆக, ‘சிஏஎஸ் சுலபம்’ என்று கல்லூரிக்காரர் சொல்வதைக் கேட்டு பல்கலைக்கழகத் துறையில் இருப்பவர் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

நேரடி நியமனத்துக்கு ஏழு கட்டுரை, 75 ஆய்வு மதிப்பெண். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் நீங்கள் வகுப்பில் நின்றது அங்கே தகுதி அல்ல, வெறும் அனுபவச் சான்றிதழில் ஒரு வரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத் துறைக்கு ஆய்வு நடத்தக்கூடியவர்தான் வேண்டும். ஆனால் பத்தாண்டுக் காலத்தை முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு வரைபடம் வாசிக்கவும் ஒரு பத்தி எழுதவும் கற்றுக்கொடுப்பதில் கழித்த ஒருவர், அந்த உழைப்பை இந்தத் தராசு காட்டவில்லையே என்று தன்னைக் குறைத்து எண்ணிக்கொள்ளும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். தராசு வேறு, அவ்வளவுதான்.

தம்பியிடம் பென்சிலைக் கொடுத்து, உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

அவரிடம் ஏழு கட்டுரை இருந்தது. மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 10, அறிவியல் துறைகளில் 8. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை, வைத்து இது கூடும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதை எப்படிச் சேர்க்கிறது என்பது அதன் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கும். நாங்கள் அதை விட்டுவிட்டு அடிப்படையை மட்டும் எடுத்தோம். நான்கு கட்டுரை தனியாக எழுதியவை, நாற்பது. மூன்று அவருடைய நெறியாளரோடு சேர்ந்து எழுதியவை. இருவர் எழுதினால் ஆளுக்கு எழுபது விழுக்காடு, எனவே மூவேழு இருபத்தொன்று. மொத்தம் அறுபத்தொன்று.

“பரவாயில்லையே மேடம்” என்றார். ஏழு கட்டுரை என்றால் எழுபது வந்துவிடும் என்று நினைத்து வந்தவர் அவர்.

இருவர் என்பதால் தப்பித்தார். இரண்டு பேருக்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கோ தொடர்புக்குரிய ஆசிரியருக்கோதான் எழுபது விழுக்காடு, மற்றவர்களுக்கு முப்பது. எங்கள் இயற்பியல் துறையில் ஒருவர் ஆறு பேர் கொண்ட ஆய்வுக் குழுவில் எப்போதும் நான்காவது பெயர். அடிப்படை மதிப்பெண்ணில் பார்த்தால் கட்டுரைக்கு 2.4 தான். ஏழு கட்டுரைக்கும் சேர்த்து 16.8. பட்டியலைப் பார்த்தால் நீளமாக இருக்கும், கூட்டினால் ஒன்றும் தேறாது.

அடுத்தது இன்னொரு நிபந்தனை. ஆய்வு மதிப்பெண் குறைந்தது மூன்று வகைகளிலிருந்து வந்திருக்க வேண்டும். கட்டுரை ஒரு வகை, நூலும் மொழிபெயர்ப்பும் ஒரு வகை, பாடத்திட்டமும் இணையவழிப் பாடமும் ஒரு வகை, ஆய்வு வழிகாட்டலும் திட்டமும் ஒரு வகை. காப்புரிமை, விருது போன்றவை ஒரு வகை, அழைப்புரையும் கருத்தரங்கக் கட்டுரையும் கடைசி வகை. எவ்வளவு கட்டுரை எழுதினாலும் அது மட்டும் வைத்துக்கொண்டு 75-ஐத் தாண்ட முடியாது. கருத்தரங்குப் பக்கம் சாய்ந்துகொள்ளவும் முடியாது, அந்த வகைக்கு மொத்தத்தில் முப்பது விழுக்காடு வரம்பு உண்டு.

தம்பி யோசித்து யோசித்து எடுத்தார். ஒரு தொகுப்பு நூலில் ஓர் இயல் எழுதியிருந்தார், ஐந்து. பாடத்திட்டக் குழுவில் இருந்தபோது இரண்டு புதிய தாள்களுக்குப் பாடத்திட்டம் உருவாக்கினார். அதற்கு மதிப்பெண் உண்டென்றே அவருக்குத் தெரியாது. தாளுக்கு இரண்டு, ஆக நான்கு. தேசியக் கருத்தரங்கில் வாசித்தது இரண்டு, தலா மூன்று. 61, 66, 70, 76.

தமிழ்த் துறைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சேதி. மொழிபெயர்ப்பு நூலுக்கு எட்டு மதிப்பெண் இருக்கிறது, மொழிபெயர்த்த இயலுக்கு மூன்று. எத்தனையோ பேர் அருமையாக மொழிபெயர்த்துவிட்டு அதைத் ‘தனிப்பட்ட ஆர்வம்’ என்று கோப்புக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். உள்ளே வையுங்கள்.

எழுபத்தாறு. வாசல்படிக்கு ஒரே ஒரு மதிப்பெண் மேலே. தம்பியின் முகத்தில் சந்தோஷம். நான் கட்டுரைகளின் பிரதிகளைக் கேட்டேன். ஏழாவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். அனுப்பி ஒன்பது நாளில் ஏற்பு, மதிப்புரையாளர் குறிப்பு ஒரு வரிகூட இல்லை, பணம் கட்டிய ரசீது மட்டும் தெளிவாக இருந்தது. முன்பெல்லாம் யுஜிசி ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே யுஜிசி நிறுத்திவிட்டது. இனி ஓர் இதழ் உண்மையில் வல்லுநர் மதிப்பீடு செய்கிறதா என்பதைத் தேர்வுக் குழுவே பார்க்கும், நிறுவனங்களே பார்க்கும். குழுவில் ஒருவர் அந்தக் கட்டுரையை ஓரமாக வைத்தால் தம்பியின் மதிப்பெண் மட்டும் இறங்காது. கட்டுரை எண்ணிக்கையும் ஆறாகி, அடிப்படைத் தகுதியே போய்விடும்.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை மூன்றாவது வழியாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகளின் எண்ணிக்கைதான் பேச்சு, ஆண்டுக்கு இத்தனை என்று. எழுதும் வேகம் உள்ளவருக்கு ஏற்றம் விரைவில் கிடைக்கும். ஆனால் அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் நிரந்தரமாக இருப்பவர் இந்த வயதில் அதை விட்டுவிட்டுப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சிஏஎஸ்-இல் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. அது நம் அசட்டையில் இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில், முதல் ஏற்றத்துக்குத் தேவையான ஓரியண்டேஷன் பயிற்சிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். துறையில் ஆள் இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று இரண்டு முறையும் விடுவிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். கடைசியில் பயிற்சி முடித்த தேதியிலிருந்துதான் என் முதல் ஏற்றம் கிடைத்தது, ஒன்றரை ஆண்டு தாமதமாக. முதல் படி தள்ளினால் அடுத்த எல்லாப் படியும் அதே அளவு தள்ளும். இன்றுவரை அந்த ஒன்றரை ஆண்டு என்னோடு வருகிறது. அதனால்தான் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்: தம்பி, பாப்பா, பயிற்சிக்கு எழுத்தில் கேளுங்கள், மறுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

டியூ தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். உரிய நேரத்தில் கொடுத்துத் தகுதியும் இருந்தால், குழு எப்போது கூடினாலும் ஏற்றம் தகுதி பெற்ற நாளிலிருந்து கணக்காகும், நிலுவையும் வரும். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. மண்டல இணை இயக்குநர் அலுவலகம், இயக்ககம் என்று கோப்பு நடக்கும் வேகம் உங்களுக்கே தெரியும், ஆனால் தேதி உங்களுக்குச் சொந்தம். குழு ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டால் மட்டும் நிலைமை வேறு. குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் மறு மதிப்பீடு, அதில் தேறினாலும் பழைய தேதி திரும்பக் கிடைக்காது. அந்த ஓராண்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல் இழப்பு. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒரு வருகைப் பதிவேட்டு நகலோ, முதல்வர் கையெழுத்தில்லாத ஒரு சான்றோதான்.

இன்னொரு குழி ஆழமானது, தாமதமாகத்தான் தெரியும். 13ஏ வரை ஆய்வு கேட்காத அதே விதி, பேராசிரியர் படிக்குக் கல்லூரிக்காரரிடம் பத்துக் கட்டுரை, அதில் மூன்று மதிப்பீட்டுக் காலத்துக்குள், 110 ஆய்வு மதிப்பெண் என்று திடீரென்று கேட்கிறது. பன்னிரண்டு ஆண்டு எதுவும் எழுதாமல் வந்தவர் மூன்றாண்டில் அதைச் சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெறுகிறார்கள். ஆகவே ‘நான் சிஏஎஸ் வழி, எனக்குக் கட்டுரை வேண்டாம்’ என்பது பாதி உண்மை. ஆண்டுக்கு ஒன்று, மனசுக்குப் பிடித்த விஷயத்தில், நிதானமாக எழுதி வந்தால் போதும். முனைவர் பட்ட வழிகாட்டி அனுமதியையும் சீக்கிரம் வாங்கிவிட வேண்டும். உதவிப் பேராசிரியர் நான்கு பேரை வழிநடத்தலாம், இணைப் பேராசிரியர் ஆறு பேரை. ஒரு மாணவர் பட்டம் பெற்றால் பத்து மதிப்பெண், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலே ஐந்து.

வயதும் ஊரும் மிச்சம். தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஓய்வு வயது அறுபது. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் அறுபத்தைந்து. நாற்பத்திரண்டு வயதுக்காரருக்கு இந்த ஐந்து ஆண்டு பெரிய விஷயம். ஆய்வு செய்கிறவருக்குப் பேராசிரியராகும் காலமும் அதற்குள் கிடைத்துவிடும். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் இந்த லாபம் இல்லை. புதிய இடத்தில் குறைந்தது ஓராண்டு தகுதிகாண் பருவம் என்பதால், பழைய வேலையில் லியன், அதாவது திரும்பி வரும் உரிமை, கிடைக்குமா என்று கேட்காமல் பணி விலகல் கடிதம் கொடுக்கவே கூடாது. தடையில்லாச் சான்றையும் விண்ணப்பிக்கும்போதே வாங்கிவிடுங்கள். நேர்காணல் அழைப்பு வந்த பிறகு நிர்வாகத்தின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது மிகவும் சங்கடம்.

2025 ஜனவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவை வெளியிட்டது. எண்களைக் குறைத்து, ஒன்பது வகைப் பங்களிப்புகளில் நான்கைக் காட்டினால் போதும் என்ற திசையில் அது பேசியது. அதை நம்பிக் கட்டுரையை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள், கோப்பைத் தொடாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் டியூ தேதியில் எந்த விதி இருக்கிறதோ அதன்படிதான் பார்ப்பார்கள். வகுப்புப் பதிவேடும், கட்டுரையும், பாடத்திட்டக் குழு ஆணையும் எந்த விதியிலும் வீண்போகாது.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். இந்த விளம்பரத்துக்கு இப்போது போட வேண்டாம். ஒரு மதிப்பெண் மிச்சத்தை நம்பிப் போய், ஒரு கட்டுரை கேள்விக்குள்ளாகி, நேர்காணலுக்கே அழைக்காமல் விட்டால் அந்தச் சோர்வில் அடுத்த இரண்டு ஆண்டும் போய்விடும். யாரும் கை வைக்க முடியாத இரண்டு கட்டுரை எழுதுங்கள். அவருடைய பிஎச்.டி. சுய உதவிக் குழுக் கடன்களைப் பற்றியது. பத்தாண்டு கழித்து அதே ஊர்களுக்கு மறுபடி போனாலே ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது. சிஏஎஸ் கோப்பை இன்றே தொடங்குங்கள், இரண்டு ஆண்டில் அது கையில் நிற்கும். நடுவில் மத்தியப் பல்கலைக்கழகம் ஏதாவது விளம்பரம் கொடுத்தால் அப்போது துணிந்து போடுங்கள். ஏற்கெனவே இணைப் பேராசிரியராக இருந்துகொண்டு நேர்காணலுக்குப் போனாலும் நல்லதுதான். கிடைக்கவில்லை என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏழாவது கட்டுரையின் பிரதியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தனியாக எழுதியது, பத்து மதிப்பெண். தாளில் 76-ஐப் பென்சிலால் அடித்துவிட்டு 66 என்று எழுதினார். விளம்பரத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “பச்சை ஃபைல் ஒன்று இருந்தால் கொடுங்கள் மேடம்” என்றார்.